வியாழக்கிழமைக் கோழி

சம்பளம் விழுகிற வியாழக்கிழமைகளில்
நாங்கள் நாலு பேர், ஒரு பழைய கொரோலா, மூன்று கோழிக்கடை.
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஆலையில்
இரவு ஒன்பதுக்கு வேலை முடியும்.
வின்னிபெக்கில் அப்போது மைனஸ் இருபத்தெட்டு.
மூக்குக்குள் இருக்கிற மயிர்கூட
கண்ணாடித் தூளாய்க் குத்தும்.

கேஎஃப்சிதான் என்பார் அமலதாஸ் அண்ணை.
வந்திறங்கிய முதல் கிழமை
ஸ்பொன்சர் பண்ணின மச்சான் வாங்கித் தந்த சிவப்பு வாளி.
பிறகு ஆறு வருசம் அதற்குள்தான் வெங்காயம் போட்டு வைத்தாராம்.
உங்கட விசுவாசம் நாக்கில் இல்லை, வாளியில் என்றேன்.
மூன்று சிக்னல் தாண்டும்வரை முகம் கொடுக்கவில்லை.

ரோவெனாவுக்கு ஜொலிபீ.
கோழிக்குப் பக்கத்தில் சோறு வைக்கத் தெரியாதவனோடு
எனக்கென்ன பேச்சு என்பாள்.
சோற்றில் எனக்கும் உடன்பாடு.
ஆனால் அந்த கிரேவி,
அது மண்ணிறத்தில் ஒரு தயக்கம்.
ஒரு கரண்டி மிளகாய்த்தூளைக் கண்டிருந்தால்
எவ்வளவோ முன்னேறியிருக்கும்.

நான் பொப்பாய்ஸ் கட்சி.
உறைப்பு என்று எழுதிவிட்டு
உறைப்பாகவே தருகிறார்கள், அது போதும்.
பிஸ்கட் மட்டும் தொண்டைக்குள் சீமெந்து.

குகநேசனும் என் கட்சிதான்,
ஆனால் அவன் வழக்காடுகிற விதம் வேறு.
"கடிக்கேக்க கேளுங்கோ.
மேல் இறுகின பனியில சப்பாத்து வைச்ச மாதிரி.
உங்கட வாளி நாலு நிமிசத்தில நமுத்துப்போகும்.
ரோவெனான்ர, முட்டைக்கோது. பட்டெண்டு உடைஞ்சு முடிஞ்சிடும்.
இது எலும்பு மட்டும் கதைச்சுக்கொண்டு போகும்."
விரலில் எண்ணெய் வழுக்குவதைச் சொல்வான்,
தொடைத்துண்டைப் பிரிக்கையில் சுடுகிற ஆவியைச் சொல்வான்.
நான் வாயில் எச்சில் ஊறக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பந்தயம் அண்ணையின் யோசனை.
மெக்ஃபிலிப்ஸ் வீதியோரம் ஒரு வெறும் பார்க்கிங்,
மடியில் மூன்று பெட்டி,
ஹீட்டர் முழுவதும் திருகி,
என் கழுத்துச் சால்வையால் கண்ணைக் கட்டி
ஆளுக்கு மூன்று துண்டு.
அண்ணை தன் வாளிக் கோழியையே
சீ, இது ஜொலிபீ என்று தள்ளினார்.
நான் ஜொலிபீயைக் கட்சி மாறிப் புகழ்ந்து
மானம் கெட்டேன்.
குகநேசன் மூன்றும் சரி.
ஒரு கடி, ஒரு பெயர்.

நாலாவது துண்டு ரோவெனாவின் குறும்பு.
கோப்பிக்கு விடுகிற வனிலாப் பால் இரண்டு சின்னக் கிண்ணி,
ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கோழியின் மேல்.
உதட்டில் விரலை வைத்து எங்களை அடக்கினாள்.
சிரிப்பு மூக்கு வழியே வந்தது எனக்கு.

மென்றான்.
விழுங்கினான்.
"பொப்பாய்ஸ். ஆனா நனைஞ்சிருக்கு.
ஆர் தண்ணி ஊத்தினது?"

அண்ணை பெரிதாய்ச் சிரித்தார்.
பிறகு, பாதியில், சிரிக்கவில்லை.

சால்வையை அவிழ்க்காமலே சொன்னான்.
ரெண்டு வருசம். அந்தக் காய்ச்சலோடை போனது.
மணமும் இல்லை, ருசியும் இல்லை.
"ஊத்தை மேசையில அது வசதிதானே."
ஒருவரும் நிற்க விரும்பாத அந்த மேசையை
அவனாகக் கேட்டு வாங்கியபோது
தங்கமான பெடியன் என்று நாங்கள் மெச்சியது
அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"அப்ப ஏன்ரா கிழமைக்குக் கிழமை பதினைஞ்சு டொலர்?"
"சத்தத்துக்கு."
கொஞ்சம் பொறுத்து,
"உங்கட சண்டைக்கும்."

கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சுப் படிந்து
வெளியே தெரு இருக்கிறதா என்றே தெரியவில்லை.
ரோவெனா ஒரு சிறகைக் காதருகே பிடித்து
நகத்தால் தட்டிப் பார்த்தாள்.
பாலில் நனைந்ததை நான் வாங்கித் தின்றேன்.
சொல்லக்கூடாது, அப்படியொன்றும் மோசமில்லை.

"சத்தமெண்டு பாத்தாலும் கேஎஃப்சி..."
"அண்ணை, வாயை மூடுங்கோ!" என்றோம் மூவரும்.

மூடிக்கொண்டு மென்றார்.
பின் சீற்றுவரை கேட்டது.